கோப்புப் பெயரில் இடைவெளி வந்தால்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பாஷ் ஸ்கிரிப்ட்டில் 'ஆண்டு அறிக்கை' என்ற கோப்புப் பெயரை ஒரு மாறியில் (variable) வைத்து, அந்தக் கோப்பை அழிக்கச் சொன்னால், 'ஆண்டு' இல்லை, 'அறிக்கை' இல்லை என்று இரண்டு பிழைகள் வருகின்றன. ஏன்?

பதில்: மேற்கோள் இல்லாத மாறியை விரித்த பிறகு, அதாவது அதன் இடத்தில் அதன் மதிப்பை வைத்த பிறகு, இடைவெளி, டேப், புதுவரி உள்ள இடங்களில் ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்; பாஷ் அதில் ஒரு வகை) அதை வெட்டிவிடும். மாறியை இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள். ஒற்றை மேற்கோளுக்குள் மாறி விரியாது. பிழை வந்தது உங்கள் நல்ல நேரம். 'அறிக்கை' என்று வேறொரு கோப்பு இருந்திருந்தால் அது சத்தமில்லாமல் அழிந்திருக்கும்.

கேள்வி: மேற்கோளையும் மாறிக்குள்ளேயே சேர்த்துவிட்டேன். அப்போதும் பெயர் உடைகிறதே?

பதில்: மாறியை விரிக்கும் முன்பே ஷெல் மேற்கோள்களைப் பார்த்து முடித்துவிடுகிறது. பிறகு உள்ளிருந்து வருபவை அதற்கு வெறும் எழுத்துகள்தான். இந்த இடத்தில் பலரும், அந்த எழுத்துகளை மீண்டும் கட்டளையாகப் படித்து இயக்கும் 'இவால்' (eval) கட்டளையை நாடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். யாரோ வைத்த கோப்புப் பெயரில் இருக்கும் அரைப்புள்ளிகூட அங்கே புதிய கட்டளையைத் தொடங்கிவிடும். கட்டளையை ஒரே சரமாக (string) ஒட்டாமல், ஒவ்வொரு ஆர்க்யுமென்டையும் (கட்டளைக்குத் தரும் மதிப்பு) அர்ரேயின் (பல மதிப்புகளை வைக்கும் பட்டியல்) தனி உறுப்பாக வையுங்கள். விரிக்கும்போது இரட்டை மேற்கோளும் அட் குறியும் (@) சேர்ந்தே வர வேண்டும். அட் குறிக்குப் பதில் நட்சத்திரம் போட்டால் எல்லாம் ஒரே சரமாகிவிடும். ஸ்கிரிப்ட்டுக்கு வந்த ஆர்க்யுமென்ட்களை அடுத்த நிரலுக்குக் கடத்தும்போதும் இதே முறைதான்.

கேள்வி: விண்டோஸ் பேட்ச் கோப்பில் ஃபோல்டர் பாதையை மேற்கோளுக்குள்தான் கொடுத்தேன். அடுத்த ஆர்க்யுமென்டும் அதோடு ஒட்டிக்கொண்டது.

பதில்: பாதை பின்சாய்கோட்டில் (\) முடிகிறதா? லினக்ஸில் புதிய நிரலுக்கு ஆர்க்யுமென்ட்கள் பட்டியலாகவே போகின்றன. விண்டோஸில் மொத்தமும் ஒரே சரமாகப் போகிறது. அதைப் பிரிப்பது பெறும் நிரலின் வேலை. மேற்கோளுக்கு முன் நிற்கும் பின்சாய்கோட்டைப் பெரும்பாலான நிரல்கள் 'இந்த மேற்கோள் முடிவல்ல' என்றே படிக்கும். கடைசிக் கோட்டை நீக்குங்கள், அல்லது இரட்டியுங்கள். பைத்தானில் வேறு நிரல்களை இயக்கும் சப்பிராசஸ் (subprocess) தொகுதிக்குப் பட்டியலாகக் கொடுத்தால் இந்த இரட்டிப்பை அதுவே செய்துவிடும்.

கேள்வி: கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் (find) தரும் பெயர்களை, அவற்றை வேறொரு கட்டளைக்கு ஆர்க்யுமென்ட்களாகக் கொடுக்கும் எக்ஸார்க்ஸ் (xargs) உடைக்கிறது.

பதில்: ஃபைண்டில் 'பிரின்ட்0' (-print0), எக்ஸார்க்ஸில் '0' (-0) தெரிவு. அப்போது பெயர்களுக்கு இடையே நல் எழுத்து (மதிப்பு பூஜ்யமான எழுத்து) வரும். லினக்ஸ் கோப்புப் பெயருக்குள் நல் எழுத்து வரவே முடியாது என்பதால் பெயர்களைப் பிரிக்க அதைவிட நம்பகமானது இல்லை.

கேள்வி: தொலைவிலுள்ள கணினிக்கு எஸ்எஸ்எச் (SSH) வழியாகக் கட்டளை அனுப்பினால் மட்டும் சரியான மேற்கோளும் தோற்கிறது.

பதில்: எஸ்எஸ்எச் ஆர்க்யுமென்ட்களை இடைவெளியிட்டு ஒன்றாக்கி அனுப்புகிறது. அந்தப் பக்கத்து ஷெல் அதை மீண்டும் பிரிக்கிறது. ஆகவே அந்த ஷெல்லுக்கென்று இன்னோர் அடுக்கு மேற்கோள் வேண்டும். பைத்தானில் அதை ஷ்லெக்ஸ் (shlex) தொகுதியின் 'கோட்' (quote) செயற்கூறு போட்டுத்தரும்.