நியூ ஆர்லியன்ஸ் துப்பறியும் நாவல்கள்: எதை எடுப்பது?

கேள்வி: அமெரிக்காவின் தெற்கே, லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரைக் களமாகக் கொண்ட துப்பறியும் நாவல்களைப் படிக்க ஆசை. வாங்கிய இரண்டிலும் ஊர்ப்பெயரை மாற்றிவிட்டால் கதை எங்கு வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்றே தோன்றியது. நல்லதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் ஏமாற்றத்திலேயே அளவுகோலும் இருக்கிறது. அந்தக் குற்றம் அந்த ஊரில் மட்டுமே நடக்கக்கூடியதா என்று பாருங்கள். இரும்புப் பூவேலைப் பால்கனிகளும் ஜாஸ் இசையும் வூடூ மாந்திரீகமும் முதல் பத்துப் பக்கங்களிலேயே அணிவகுத்து வந்துவிட்டால், புத்தகத்தைக் கீழே வைத்துவிடலாம்.

வழி சொல்லும் இடங்களையும் கவனியுங்கள். மிசிசிப்பி ஆறு பிறைபோல் வளைந்து ஓட, தெருக்களும் அதனோடு சேர்ந்து வளைவதால், அவ்வூரார் வடக்கு, தெற்கு என்பதைவிட ஏரிப்பக்கம், ஆற்றுப்பக்கம் என்றே வழி சொல்வார்கள். சாலை நடுவே உள்ள புல்திட்டை 'நியூட்ரல் கிரவுண்ட்' என்பார்கள். இச்சொற்கள் விளக்கவுரையாக இல்லாமல் பாத்திரங்களின் வாயில் தானாக வந்தால், ஆசிரியருக்கு ஊர் தெரியும் என்று நம்பி மேலே படிக்கலாம்.

முதலில் நான் எடுத்துக் கொடுப்பது பார்பரா ஹாம்ப்ளி 1997-இல் எழுதிய 'எ ஃப்ரீ மேன் ஆஃப் கலர்'. கதை நடப்பது 1833-இல். நாயகன் பெஞ்சமின் ஜான்வரி அடிமையாகப் பிறந்து சிறுவயதில் விடுதலை பெற்றவர். பாரிஸில் அறுவை மருத்துவம் கற்றவர். மனைவியை இழந்து ஊர் திரும்பும் அவர், கறுப்பர் என்பதால் அந்தத் தொழிலால் பிழைக்க முடியாமல் பியானோ வாசித்து வாழ்கிறார். மார்டி கிரா திருவிழாக் காலத்தில், வெள்ளைக்காரச் செல்வந்தர்கள் கலப்பினப் பெண்களைச் சந்திக்கும் நடன விருந்தொன்றில் கொலை விழுகிறது. சந்தேகம் அவர் பக்கம் திரும்புகிறது. வெள்ளையருக்கும் அடிமைகளுக்கும் இடையே 'சுதந்திர நிறத்தவர்' என்று, அடிமைகளல்லாத கறுப்பரும் கலப்பினத்தவரும் அடங்கிய ஒரு பெருஞ்சமூகம் வாழ்ந்த ஊர் அது. யார் யாரைக் கேள்வி கேட்கலாம், யார் சொல் எடுபடும் என்பதையெல்லாம் தோலின் நிறம் முடிவு செய்வதால், துப்புத் துலக்கும் ஒவ்வொரு அடியும் ஆபத்தாகிறது. இக்கதையை வேறு ஊருக்குப் பெயர்க்கவே முடியாது.

மார்டி கிராவை இக்காலத்தில் பார்க்க விரும்பினால் ஜூலி ஸ்மித்தின் 'நியூ ஆர்லியன்ஸ் மோர்னிங்' இருக்கிறது. ஊர்வலத்தில் வரும் திருவிழா அரசரே சுடப்பட்டு இறக்கிறார். அந்த மகுடம் நகரத்தின் பழைய பணக்காரக் குடும்பங்களின் கௌரவச் சின்னம் என்பதால், விசாரணை அவர்களின் வரவேற்பறைகளுக்குள் நுழைகிறது. விசாரிக்கும் இளம் பெண் காவலர் ஸ்கிப் லாங்டனும் அந்த வட்டாரத்தை அறிந்தவர்தான். இந்நூல் 1991-இல் துப்பறியும் எழுத்துக்கு அமெரிக்காவில் தரப்படும் எட்கர் விருதைச் சிறந்த நாவல் பிரிவில் பெற்றது.

2005 ஆகஸ்ட் 29 அன்று தாக்கிய கேத்ரினா புயலில் வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து, நகரின் சுமார் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. அதன் பிறகு எழுதப்பட்டவற்றைத் தனியாகவே அணுக வேண்டும். சாட்சிகள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், தடயங்கள் சேற்றில் புதைந்துவிட்டன, காணாமற்போனவர் வெள்ளத்தில் இறந்தாரா கொல்லப்பட்டாரா என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது. சாரா கிரானின் 'கிளேர் டிவிட் அண்ட் தி சிட்டி ஆஃப் தி டெட்' (2011) புயலின்போது மறைந்த ஓர் அரசு வழக்கறிஞரைத் தேடும் கதை; இழப்பின் கனம் அதில் கடைசிவரை இறங்குவதே இல்லை.

கேள்வி: ஜேம்ஸ் லீ பர்க்கின் டேவ் ரோபிஷோ தொடரை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். முதலிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டுமா?

பதில்: உங்களுக்கு வேண்டியது நகரம் என்றால் வேண்டியதில்லை. முதல் நாவலான 'தி நியான் ரெயின்' (1987) நியூ ஆர்லியன்ஸில் நடக்கிறது. அதன்பின் நாயகன் நகரக் காவல் பணியை விட்டு மேற்கே நியூ ஐபீரியா பக்கம் போய்விடுவதால், தொடரின் பெரும்பகுதி சதுப்பு நிலச் சிற்றூர்களின் கதையாகிவிடுகிறது. எனவே முதல் நாவலையும், கேத்ரினாவை நேரடியாக எழுதிய 'தி டின் ரூஃப் புளோடவுன்' (2007) நாவலையும் மட்டும் இப்போது படியுங்கள். ஹாம்ப்ளியின் தொடரை மட்டும் முதல் புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள். ஜான்வரியின் குடும்ப உறவுகள் அங்கேதான் அறிமுகமாகின்றன.