மெக்னீசியம் ஏன் தண்ணீரில் சும்மா கிடக்கிறது?

சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் சீறி வெடிக்கிறது, ஆவர்த்தன அட்டவணையில் அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கும் மெக்னீசியம் மட்டும் ஏன் அசையாமல் கிடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சோடியம் ஒரு எலக்ட்ரானை விட்டால் போதும், மெக்னீசியம் இரண்டை விட வேண்டும், அதனால்தான் என்று படித்திருப்போம். தவறில்லை. எலக்ட்ரான்களைப் பிடுங்க ஒரு மோலுக்குச் சோடியத்தின் 496 கிலோஜூல் எங்கே, மெக்னீசியத்தின் 2189 கிலோஜூல் எங்கே! ஆனால் அது வாயு நிலையில் தனித்திருக்கும் அணுவுக்கான கணக்கு. தண்ணீருக்குள் மெக்னீசியம் அயனியை நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்ந்துகொள்ளும்போது செலவழித்த ஆற்றலில் பெரும்பகுதி திரும்ப வந்துவிடுகிறது. அதனால்தான் மின்முனை அழுத்தத்தில் (தண்ணீரில் ஒரு உலோகம் எலக்ட்ரானை விட எவ்வளவு தயார் என்பதைக் காட்டும் அளவு, எதிர்க்குறி கூடக்கூட விடுவது எளிது) பார்த்தால் சோடியம் −2.71 வோல்ட், மெக்னீசியம் −2.37 வோல்ட். இவ்வளவு சின்ன இடைவெளி, கண்ணில் தெரியும் அத்தனை பெரிய வித்தியாசத்தை விளக்காது.

என்னைக் கேட்டால், விஷயம் மேற்பரப்பில் இருக்கிறது. மெக்னீசியம் தண்ணீரோடு சேர்ந்ததும் உண்டாகும் ஹைட்ராக்சைடு அவ்வளவாகக் கரையாது, உலோகத்தின் மேலேயே படலமாக ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தடுத்துவிடும். சோடியம் ஹைட்ராக்சைடோ உடனே கரைந்து ஓடிவிடுகிறது, போதாததற்குச் சோடியம் 98 டிகிரியிலேயே உருகி உருண்டையாகித் தண்ணீரில் மிதந்தபடி புதுப்புது பரப்பைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. வெடிப்புக்கு ஹைட்ரஜன் தீப்பற்றுவது மட்டும் காரணமில்லை. 2015இல் செக் வேதியியலாளர் பாவெல் யுங்விர்த்தின் குழு, சோடியம்-பொட்டாசியம் கலவைத் துளியை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தது. எலக்ட்ரான்கள் சட்டென்று தண்ணீருக்குள் பாய்ந்துவிட, மிஞ்சிய நேர்மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளி, துளி ஒரு மில்லிநொடிக்குள் முள்முள்ளாகச் சிதறியது. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு எனக்கு இந்த வினை மேலிருந்த பிரமிப்பு இன்னும் கூடிவிட்டது.

படலம்தான் காரணம் என்பதற்கு என்ன சாட்சி? உப்பு. ராணுவ உணவுப் பொட்டலங்களில் வைக்கும் நெருப்பில்லாச் சூடேற்றியில் மெக்னீசியம் தூள், கொஞ்சம் இரும்பு, உப்பு, அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றினால் குளோரைடு அந்தப் படலத்தைக் குலைக்கிறது, இரும்பு வினையை முடுக்கிவிடுகிறது, சாப்பாடே சூடாகிவிடும். சாதாரணத் தண்ணீரிலும் மெக்னீசியம் முழுக்கச் சும்மா இருப்பதில்லை. நாடாவை உப்புத்தாளால் தேய்த்து, காரம் உண்டானால் இளஞ்சிவப்பாக மாறும் பினாப்தலீன் கலந்த தண்ணீரில் போட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள், அதைச் சுற்றி இளஞ்சிவப்பு மெல்லப் படரும்.

அப்புறம் ஒன்று, எரியும் மெக்னீசியத்தின் மேல் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அந்தச் சூட்டில் அது நீராவியிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து இன்னும் ஆவேசமாக எரியும், கார்பன் டைஆக்சைடு அடித்தாலும் அதிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு எரியும். உலர்ந்த மணலைக் கொட்டி மூடுங்கள், ஈர மணல் கூடவே கூடாது.