மனச்சிதைவு நோய்க்கு மாத்திரையோடு உளவியல் சிகிச்சையும் எதற்கு? மலையூர்களில் அது ஏன் எளிதில் கிடைப்பதில்லை?

மனச்சிதைவு நோய்க்கான உளவியல் சிகிச்சை என்பது, காதில் ஒலிக்கும் குரல்களையும் விடாத சந்தேகங்களையும் சமாளிக்கும் வழிகளை, நோயாளியும் குடும்பத்தாரும் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் பேசிப் பேசிப் பழகிக்கொள்வதாகும். வெறும் ஆறுதல் பேச்சு அன்று.

மலைப்பாதையில் மண் சரிந்தால் இயந்திரம் அள்ளி வழி திறந்துவிடும். ஆனால் உதகை அருகேயுள்ள கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அஞ்சாமல் மீண்டும் வண்டி ஓட்ட, பக்கத்தில் அமர்ந்து ஒருவர் பழக்கிவிட வேண்டும். வழி திறக்கும் முதல் வேலையை மாத்திரை செய்கிறது. பழக்கிவிடும் இரண்டாவது வேலையை இச்சிகிச்சை செய்கிறது.

மாத்திரையை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். இச்சிகிச்சைக்கோ, பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின்படி, குறைந்தது 16 அமர்வுகள் வேண்டும். கோத்தகிரிக்கு அப்பால் தேயிலை பறிக்கும் ஒருவர் ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரு நாள் கூலியை விட்டு உதகைக்கோ கோவைக்கோ பேருந்து ஏற வேண்டும். தொலைவைவிடக் கூலி இழப்பே பெரிய தடை என்பது என் எண்ணம். பயிற்சி பெற்றவர்களும் சிலரே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநலச் சிகிச்சையை உரிமையாக்கியுள்ளது. முதற்படியாக, அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

பேச்சுச் சிகிச்சை தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று பலர் நினைப்பது தவறு. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.