விளையாட்டுப் போட்டித் தொடரை வைத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர முடியுமா?

தாராளமாக முடியும். நான்காம், ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவன் நான், அதனால் அந்த வயதுக்குப் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பல இடங்களில் நடப்பது என்னவென்றால், பாடப்புத்தகக் கணக்கில் மாம்பழம் இருந்த இடத்தில் ரன்னைப் போட்டுவிட்டு, விளையாட்டு வழிக் கற்பித்தல் என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள். பிள்ளைகள் இதற்கு ஏமாற மாட்டார்கள். தொடரை நடத்தும் வேலையையே அவர்களிடம் கொடுங்கள். யார் யாரோடு மோதுவது, மொத்தம் எத்தனை ஆட்டம், புள்ளி சமமானால் யார் மேலே என்று முடிவு செய்கிற இடத்தில்தான் கணக்கு இருக்கிறது, ஆட்டத்துக்குள் அவ்வளவு இல்லை.

எனக்குக் கபடி வசதி, ஒரு சுண்ணாம்புக் கோடு போதும். வகுப்பை ஆறு அணியாகப் பிரித்து, எல்லாரும் எல்லாரோடும் ஒரு தடவை ஆடினால் எத்தனை ஆட்டம் என்று கேளுங்கள். 36 என்று ஒரு கூட்டம் கத்தும், தன்னோடு தானே எப்படி ஆடுவது என்று யாராவது சிரித்ததும் 30க்கு இறங்கும். அங்கே நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். சிங்கம்–புலி என்று எழுதினவள் புலி–சிங்கம் கட்டத்துக்கு வந்ததும் தானாகவே நிற்பாள், சார் இது அதே மேட்ச் என்பாள். 15 வந்துவிட்டது. அப்புறம் நேரக் கணக்கு: ஆட்டத்துக்கு 10 நிமிடம் என்றால் 150 நிமிடம், நமக்குக் கிடைப்பதோ 40 நிமிட பி.டி. பீரியட் மூன்று. ஆட்டத்தை 8 நிமிடமாகக் குறைப்பதா, ஐந்து அணியாக்கி 10 ஆட்டத்தோடு முடிப்பதா என்று அவர்களே அடித்துக்கொள்ளட்டும். அணி மாறி உள்ளே வரும் நேரத்தை யார் கணக்கில் எடுத்தது என்று ஒருவன் கேட்பான், அவனைக் கவனித்து வையுங்கள்.

நாக்-அவுட் என்றால் இன்னும் எளிது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு அணி வெளியே, கடைசியில் ஒன்றுதான் மிச்சம், ஆக அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை. இதைக் கண்டுபிடித்த பிறகு 2022 கால்பந்து உலகக் கோப்பையைக் கொடுங்கள். 32 அணிகள், நான்கு நான்காக 8 பிரிவு, பிரிவுக்கு 6 ஆட்டம், அது 48. நாக்-அவுட்டுக்கு 16 அணி, 15 ஆட்டம், மூன்றாம் இடத்துக்கு ஒன்று. மொத்தம் 64, நிஜமாகவே நடந்த எண்ணிக்கை. 2026க்கு 48 அணிகள், 12 பிரிவு, 32 அணிகள் அடுத்த சுற்றுக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டால் 104ஐ அவர்களே பிடித்துவிடுவார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது புள்ளிப் பட்டியல். ஒவ்வொரு அணிக்கும் எடுத்த புள்ளி, கொடுத்த புள்ளி, வித்தியாசம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி வையுங்கள். தோற்ற அணிக்கு மைனஸ் போடச் சொன்னால் போதும், குறை எண்ணுக்கு விளக்கமே தேவைப்படாது. எல்லா அணிகளின் வித்தியாசத்தையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும், வராவிட்டால் எங்கோ தப்பு. பூஜ்யம் வரவில்லை என்றதும் விடையைக் கேட்டு உங்களிடம் வராமல் தாளைத் திருப்பித் தேடுவார்கள், ஒரு வருடம் திருத்திக் கொடுத்தாலும் வராத பழக்கம் அது. வெற்றிக்கு 3, சமனுக்கு ஆளுக்கு 1 என்று வைத்தால் இன்னொரு வேடிக்கை உண்டு: 15 ஆட்டத்துக்கு 45 புள்ளி இருக்க வேண்டும், பட்டியலில் 43 இருந்தால் இரண்டு ஆட்டம் சமன். ஆட்டத்தையே பார்க்காதவன்கூடச் சொல்லிவிடலாம்.

கிரிக்கெட்டில் மட்டும் ஜாக்கிரதை. ஓவருக்கு 6 பந்து, 3.4 என்றால் 3 ஓவரும் 4 பந்தும்; ஆக 3.4 ஓவரும் 2.5 ஓவரும் சேர்ந்தால் 5.9 அல்ல, 6.3. தசமம் புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு இந்தப் புள்ளி பெரிய குழப்பம், அதனால் பந்தாக மாற்றிவிட்டுக் கூட்டச் சொல்லுங்கள்: 22, 17, மொத்தம் 39. புள்ளி சமமான அணிகளில் யார் மேலே என்று பார்க்கும் நெட் ரன் ரேட் சூத்திரத்தைத் தொடக்கப் பள்ளியில் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக 2024 மே 18 ஐ.பி.எல். ஆட்டம் இருக்கிறது. பெங்களூரு 218, சென்னைக்குத் தோற்றாலும் 201 எடுத்தாலே பிளே-ஆஃப் என்கிற அடுத்த சுற்று, எடுத்தது 191. எத்தனை ரன்னில் தோற்றிருந்தால் தப்பித்திருப்போம், எத்தனை ரன்னில் தோற்றோம்? 17, 27. வலிக்கிற கழித்தல், ஆனால் எவனும் தப்பாகப் போட மாட்டான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஆட்டத்தை அல்ல, ஸ்கோர் மேசையைத்தான். விட்டால் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்துகொள்வார்கள், யாருக்குக் கணக்குத் தேவையோ அவர்கள் மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஸ்கோரர் மாற வேண்டும், ஆடாத அணியிலிருந்து இரண்டு பேர், இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும், இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் முடிவை அறிவிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு என்றால் வித்தியாசப் பத்தியை விட்டுவிட்டு வெற்றி, தோல்வி, புள்ளி மட்டும் போதும்.