ஆய்வகம் பெற்ற மதிப்பீடு உங்கள் துணிக்குச் சான்று ஆகாது

வாசகர் கேள்வி: திருப்பூரில் பனியன் துணிக்கு ஃபினிஷிங் செய்யும் சிறிய ஆலை நடத்துகிறேன். மத்திய அரசின் நானோ ஆய்வு நிறுவனம் ஒன்று கண்டுபிடித்த, பாக்டீரியாவைத் தடுக்கும் வெள்ளி நானோ பூச்சுக்கு உரிமம் வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். சுயேச்சையான நிபுணர் குழு அந்த ஆய்வகத்தை மிகச் சிறந்தது என்று மதிப்பிட்டிருப்பதாக ஒரு பக்கச் சுருக்கத்தைக் காட்டினார். முழு அறிக்கை ரகசியமாம். முன்பணம் கட்டினால் அதையும் வாங்கித் தருவாராம். நம்பலாமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். அந்தச் சுருக்கம் உண்மையாகவே இருந்தாலும், நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுக்கு அது பெரிதாக உதவாது.

அரசு மானியத்தில் இயங்கும் தன்னாட்சி நிறுவனங்களை 3 அல்லது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளி நிபுணர்களைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று மத்திய அரசின் பொது நிதி விதிகள் கூறுகின்றன. அந்தக் குழு என்னென்ன பார்க்க வேண்டும் என்பதும் அங்கேயே உள்ளது: நிறுவனம் எந்த நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டதோ அது நிறைவேறுகிறதா, அதே வேலையை வேறு நிறுவனம் செய்கிறதா, ஊழியர் எண்ணிக்கை அளவோடு இருக்கிறதா, வெளியாருக்குச் செய்யும் பணிக்கு உரிய கட்டணம் வாங்குகிறார்களா. அதாவது, மக்கள் பணத்தில் இந்த நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தலாமா என்பதே அவர்கள் முன் உள்ள கேள்வி. உங்கள் துணியில் ஏற்றிய வெள்ளித் துகள் இருபது சலவைக்குப் பிறகும் நிற்குமா, கழுவிய நீரோடு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் அங்கே கழிவை உண்ணும் நுண்ணுயிர்களை என்ன செய்யும் என்பதையெல்லாம் அந்தக் குழு பார்ப்பதில்லை. பார்க்கும்படி அதனிடம் யாரும் கேட்பதுமில்லை.

ஆனாலும் முழு அறிக்கையில் உங்களுக்குப் பயன்படும் பகுதிகள் உண்டு. முதலில் குழு உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவிலேயே இருப்பவரும், அதன் விஞ்ஞானிகளோடு சேர்ந்து கட்டுரை எழுதியவரும் மதிப்பீட்டாளராக அமர்ந்திருந்தால், சுயேச்சை என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. அடுத்து, முந்தைய குழு சொன்ன குறைகளில் எவை சரிசெய்யப்பட்டன என்று பாருங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி பழுதாகிப் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் கிடக்கிறது, தொழில்நுட்பத்தை ஆலைகளுக்கு மாற்றித் தரத் தனிப் பணியாளர் இல்லை என்பன போன்ற வரிகள் வந்தால் கவனியுங்கள். உரிமம் பெற்ற பிறகு ஏதேனும் சிக்கல் வந்தால் உங்களுக்குக் கைகொடுக்க அங்கே ஆள் இருக்கிறாரா என்பதை அவை சொல்லிவிடும். இத்தகைய வரிகள் ஒரு பக்கச் சுருக்கத்தில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை.

அறிக்கையைப் பெற எந்த ஆலோசகரும் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி அந்த நிறுவனத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பியுங்கள், இணையவழியிலும் அனுப்பலாம். மதிப்பீட்டுக் குழு அறிக்கை, அதன் மீது எடுத்த நடவடிக்கை அறிக்கை, குழு அமைத்த ஆணை ஆகிய மூன்றின் நகல் வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். அறிக்கை ஏன் இப்படி இருக்கிறது என்று விளக்கம் கேட்டால், அதையே சாக்காக வைத்துத் தட்டிக்கழிப்பார்கள். பதிலுக்கு 30 நாள் கெடு.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘ரகசியம்’ என்று உங்களிடம் சொன்னது இதை வைத்துத்தான். பிரிவு 8(1)(ஈ) வணிக ரகசியத்துக்கும் அறிவுசார் சொத்துக்கும் பாதுகாப்பு தருகிறது. ஆனால் வெளியிடுவதால் மூன்றாம் தரப்பினரின் போட்டி நிலைக்குத் தீங்கு வரும் என்ற நிலையில்தான் அது பொருந்தும், பெரிய பொதுநலன் இருந்தால் அதையும் மீறி வெளியிடலாம். அறிக்கையில் ஏதோ ஒரு தனியார் நிறுவனம் ரகசியமாகக் கொடுத்த விவரம் இருந்தால், அந்த நிறுவனத்துக்கு 5 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பி, அதன் கருத்தைக் கேட்டு, 40 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். அப்போதும் முழு அறிக்கையையும் பூட்டிவைக்க முடியாது: ரகசியமான பத்திகளை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம் என்பதற்காகவே பிரிவு 10 இருக்கிறது. ஆகவே ‘8(1)(ஈ)இன்படி மறுக்கப்படுகிறது’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். எந்தப் பத்தி, யாருடைய ரகசியம், பிரிவு 10இன்படி மீதி ஏன் தரப்படவில்லை என்று கேட்டு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதிலும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.

இவ்வளவும் ஒரு குடிமகன் ஏன் செய்ய வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் மேரிலாந்தில் 2007இல் தொடங்கிய நானோ அறிவியல் மையத்தை, அந்நாட்டின் தேசிய அகாடமிகள் அமைத்த வெளிக் குழுக்கள் மதிப்பிட்டன. குறைகள் உட்பட அந்த அறிக்கைகளை யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நம் நாட்டில் அதே 2007இல் 1000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், நானோ ஆராய்ச்சியை வளர்க்கும் மத்திய அரசுத் திட்டமான நானோ மிஷன் தொடங்கியது. அந்தப் பணத்தில் வளர்ந்த நிறுவனங்களைப் பற்றிய மதிப்பீடுகளும் அவ்வாறே தாமாக வெளிவந்திருந்தால், ஒரு பக்கச் சுருக்கத்தை வைத்து முன்பணம் கேட்பவருக்குத் தொழிலே இருந்திருக்காது.

இந்த ஆலோசகர்களைப் பற்றி எவ்வளவு எச்சரித்தாலும் போதாது. ‘குழுவின் ஒப்புதல் கட்டணம்’, ‘நிபுணர் பரிந்துரைக் கட்டணம்’ என்றெல்லாம் புதிய பெயர்களில் பணம் கேட்பார்கள். மதிப்பீட்டுக் குழு எந்த உரிமத்துக்கும் ஒப்புதல் தருவதில்லை. உரிமத் தொகை நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு, ரசீதுடன் மட்டுமே செல்ல வேண்டும். அரசு ஆய்வகங்களின் கண்டுபிடிப்புகளைத் தொழிலுக்குக் கொண்டுசேர்க்க 1953 முதல் தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. அங்கோ, ஆய்வு நிறுவனத்தின் தொழில்நுட்ப மாற்றப் பிரிவுக்கோ நேரடியாக எழுதி, இந்தப் பூச்சு உரிமத்துக்கு இருக்கிறதா, ஏற்கெனவே யாருக்கேனும் தனியுரிமையாகக் கொடுத்தாயிற்றா என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

பதில் சாதகமாக வந்தால், ஒப்பந்தத்துக்கு முன் சிறிதளவு பூச்சுக் கரைசலைக் கேட்டுப் பெற்று, உங்கள் துணியில், உங்கள் இயந்திரத்திலேயே ஏற்றிப் பாருங்கள். பிறகு சலவை செய்யாத துண்டையும் பலமுறை சலவை செய்த துண்டையும் ஐஎஸ்ஓ 20743 முறைப்படி, அதாவது துணி பாக்டீரியாவை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் சர்வதேசத் தரமுறைப்படி, சோதிக்கக் கொடுங்கள். சோதனைக்கூடத்துக்கு என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது. அந்த அங்கீகாரத்தின் வரம்புப் பட்டியலில் இந்தச் சோதனை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.