குரோன் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேப்பிங் (இ-சிகரெட் இழுப்பது) செய்யலாமா?

வேண்டாம். குரோன் என்பது குடலில் விட்டுவிட்டுக் கிளம்பும் நாள்பட்ட அழற்சி. கெட்ட பகுதியை வெட்டி, இரு முனைகளையும் இணைத்தாலும் நோய் வேரோடு போவதில்லை. பெரும்பாலும் அந்த இணைப்பை ஒட்டி, சிறுகுடல் பக்கமாகவே மறுபடி தலைகாட்டும்.

வேப்பிங்கில் புகையிலை எரியாது, ஆனால் பெரும்பாலும் நிக்கோட்டின் உடம்பில் சேரும். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கும். புண் ஆற ரத்த ஓட்டம் வேண்டும். நட்ட முள்ளுக் கத்திரி நாற்று வேர் பிடிக்கும் நேரத்தில் வாய்க்காலை அடைத்தால் என்னாகும் என்று வேலூர்ப் பக்கத்து விவசாயிக்குச் சொல்லவே வேண்டாம். சிகரெட்டால் நோய் திரும்பும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வேப்பிங் பற்றிய நீண்டகால ஆய்வுகள் குறைவு.

வலி இல்லையென்றாலும் அறுவை சிகிச்சை முடிந்து 6 முதல் 12 மாதத்துக்குள் கொலோனோஸ்கோபி (கேமரா குழாயால் குடலை உள்ளே பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ளுங்கள். புண் முந்தும், வலி பிந்தும்.

‘நிக்கோட்டின் குடலுக்கு நல்லது’ என்ற பேச்சு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற வேறு நோயைப் பற்றியது, குரோனுக்குப் பொருந்தாது.