நாரி நோவுக்குச் சீன ஊசி எடுக்கலாம், போத்தல் மாத்திரை வேண்டாம்

கேள்வி: மதிப்புக்குரிய டொக்டர், எனக்கு வயது 56. நெடுங்கேணிப் பக்கம் வயல் செய்கிறேன். ஐந்தாறு வருடங்களாக நாரியில் நோ இருக்கிறது. இப்போது அது இடது பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கத்தால் கெண்டைக்கால் வரை இழுக்கிறது. சிறிது தூரம் நடந்தால் கால் விறைத்து, எங்காவது குந்தியிருக்க வேண்டி வருகிறது. ஆனால் சைக்கிளில் எவ்வளவு தூரமும் போக முடிகிறது. பிறஷருக்கு மாத்திரை எடுக்கிறேன். கனடாவில் இருக்கும் மைத்துனர், தனக்குச் சீன வைத்தியத்தில் சுகம் வந்ததென்று ஒரு போத்தல் மாத்திரையும் ஒட்டுகிற பிளாஸ்டரும் அனுப்பியிருக்கிறார். கொழும்புக்குப் போய் ஊசிச் சிகிச்சை எடுக்கும்படியும் வற்புறுத்துகிறார். செய்யலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியது சைக்கிள் பற்றிய வரிதான். நடந்தால் விறைக்கும் கால் சைக்கிளில் விறைக்காவிட்டால், முதுகெலும்பினுள் நரம்புகள் செல்லும் வழி ஒடுங்கியிருக்கக்கூடும். முன்னால் குனியும்போது அந்த வழி சற்று அகலிப்பதால் நோ அடங்குகிறது. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால் பெரும்பாலும் குனியும்போதுதான் நோ கூடும். காலின் இரத்தக்குழாய் அடைபட்டிருந்தால் சைக்கிள் மிதிக்கும்போதும் நோ வரும். எந்த வைத்தியத்துக்குப் போவதாக இருந்தாலும், இவற்றுள் எது என்பதை முதலில் வைத்தியசாலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீன வைத்தியம் இந்த நோவை வேறு விதமாக விளக்குகிறது. காற்று, குளிர், ஈரம் ஆகியன உடலினுள் புகுந்து, உயிராற்றல் ஓடும் தடங்களை அடைக்கின்றன என்பது அதன் கொள்கை. அவற்றுள் ஒரு தடம் முதுகெலும்பின் இரு புறமாக இறங்கி, தொடையின் பின்பக்கத்தால் முழங்கால் மடிப்பைக் கடந்து சின்னவிரலில் முடிகிறது. நீங்கள் நோ இழுக்கிறது என்று காட்டும் பாதையும் ஏறக்குறைய அதுவே என்பதைக் கவனியுங்கள். நாரியிலும் பிட்டத்திலும் முழங்கால் மடிப்பிலும் மயிரளவு மெல்லிய ஊசிகளைச் செருகி இருபது முப்பது நிமிடம் விடுவார்கள். ஊசி இறங்கிய இடத்தில் பாரமாகவும் மந்தமாகவும் ஓர் உணர்ச்சி வரும். அதைத்தான் சீன வைத்தியர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

பலன் உண்டா என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. நாட்பட்ட நாரி நோ உள்ள 1,162 பேரிடம் ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஆய்வில், ஊசி எடுத்தவர்களில் 47.6 சதவீதத்தினருக்கும், உரிய புள்ளிகளில் அல்லாமல் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதத்தினருக்கும், வழமையான மருந்தும் பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 சதவீதத்தினருக்கும் சுகம் தெரிந்தது. ஊசி உதவுகிறது, ஆனால் எந்தப் புள்ளியில் குத்துகிறார்கள் என்பதற்கு அவ்வளவு பெறுமதி இல்லை என்றே நான் இதை வாசிக்கிறேன். கால் நோவைப் பொறுத்தவரை, இடைத்தட்டு பிதுங்கிய 220 பேரிடம் சீனாவில் நடத்தப்பட்டு 2024 இல் வெளியான ஆய்வில், நான்கு வாரங்களில் பத்து முறை ஊசி எடுத்தவர்களுக்கு 100 புள்ளி அளவுகோலில் நோ ஏறத்தாழ 31 புள்ளி குறைந்தது. போலி ஊசி பெற்றவர்களுக்கு 15. உங்களுடையது ஒடுக்கமாக இருந்தால் இந்த முடிவு அப்படியே பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டலில் நாட்பட்ட நாரி நோவுக்கு ஊசிச் சிகிச்சையை நிபந்தனையுடன் ஏற்றுக்கொண்டது. (நாரிப் பட்டி கட்டுவதை அதே வழிகாட்டல் ஏற்கவில்லை, நம்மூரில் பாதிப்பேர் அதைக் கட்டிக்கொண்டுதான் வயலுக்குள் இறங்குகிறார்கள்.)

ஆகவே ஊசியை முயன்று பார்க்கலாம். கொழும்புக்கு வாரந்தோறும் பஸ்ஸில் இருந்து போய் வந்தால் கிடைத்த சுகம் வழியிலேயே போய்விடும். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பதிவுபெற்ற வைத்தியர் ஒருவர் கிடைத்தால் அவரிடம் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் புதிய ஊசிப் பைக்கற்றை உங்கள் முன்னாலேயே பிரிக்க வேண்டும். ஆறு தடவையின் பின்னும் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். நாரியையும் வயிற்றுத் தசையையும் பலப்படுத்தும் பிசியோதெரபிப் பயிற்சியை மட்டும் விடவேண்டாம்.

போத்தல் விடயம் வேறு. அதைத் திறக்கவே வேண்டாம். ஏழாம் நூற்றாண்டில் சீன வைத்தியர் சுன் சிமியாவ் தொகுத்த நாரி நோக் கஷாயம் ஒன்று இன்றும் மாத்திரையாக விற்பனையாகிறது. உங்கள் போத்தலில் இருப்பது அதுவானால், அதிலுள்ள அதிமதுரம் பிறஷரைக் கூட்டக்கூடியது. அதைவிடப் பெரிய பயம் சிறுநீரகம். 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காகக் கொடுக்கப்பட்ட சீன மூலிகை மாத்திரையில் ஒரு வேருக்குப் பதிலாக, நம்மூர் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்த வேறொரு வேர் கலந்துவிட்டது; நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதடைந்தது. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் இருக்கிறது. ஆரம்பத்தில் அது எந்த அறிகுறியும் காட்டாது. வெயிலில் வயல் வேலை செய்யும் ஒருவர், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதை என்னால் ஏற்க முடியாது. பாமசியில் வாங்கும் நோ மாத்திரையான டிக்ளோபெனாக்கும் சிறுநீரகத்துக்கு இதே கணக்குத்தான், பிறஷரையும் கூட்டும். இப்படியான சில சீன மாத்திரைகளில் டிக்ளோபெனாக்கையும் ஸ்ரீரொயிட்டையும் இரகசியமாகக் கலந்திருந்ததைப் பல நாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். போட்ட மறுநாளே நோ பறந்துவிட்டால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவது நல்லது. அடுத்த கிளினிக்கில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று காட்டும் கிரியேற்றினின் அளவை இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மைத்துனரின் பிளாஸ்டரைப் புண்ணில்லாத தோலில் தாராளமாக ஒட்டலாம்.

செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமல் போதல், பாதத்தைத் தூக்க முடியாமை, மறைவிடத்தைச் சுற்றி விறைப்பு, சலம் அடைபடுதல் ஆகியவற்றுள் ஒன்று வந்தாலும் ஊசியை மறந்து அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கேள்வி: 2009 இல் பட்ட ஷெல் துண்டு இடுப்பருகே இன்னும் இருக்கிறது. சீனிவருத்தமும் உண்டு. கால் நோவுக்கு ஊசிச் சிகிச்சை எடுக்கலாமா? (புதுக்குடியிருப்பு வாசகி)

பதில்: எடுக்கலாம். ஆனால் முதலில் எக்ஸ்ரே எடுத்து, துண்டு எங்கே இருக்கிறதென்று ஊசி குத்துபவருக்குக் காட்டுங்கள். அந்த இடத்தில் ஊசி வேண்டாம். ஊசியில் மின்சாரம் இணைக்கும் முறையும் வேண்டாம். மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டும் முறையையும் தவிருங்கள். சீனிவருத்தத்தால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டது தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் உலோகம் இருப்பதை அறைக்குள் போகுமுன் கட்டாயம் சொல்லவேண்டும்.